கஞ்சித் தண்ணியும் எறும்பும்

திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் மழை வருவது பொன்னம்மைக்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே தெரிந்துவிடும். அதற்கு அவள் வானத்தைப் பார்க்க வேண்டியதில்லை. கொடியில் கிடக்கும் வேட்டியின் ஓரத்தைப் பிடித்துப் பார்ப்பாள். கஞ்சி போட்டு விறைத்த துணி கொஞ்சம் தொய்ந்து கொடுத்தால் மழை கரமனைப் பக்கம் வந்துவிட்டது என்று கணக்கு. உடனே வேட்டி, முண்டு, காட்டன் சேலை எல்லாவற்றையும் தோளில் வாரிப் போட்டுக்கொண்டு படியிறங்குவாள். முதல் துளி விழும்போது மாடியில் ஒரு கைக்குட்டைகூடக் கிடக்காது. இது தெருவுக்கே தெரியும். அவள் புருஷன் தாணுமாலையனுக்கும் நன்றாகத் தெரியும். தெரிந்திருந்தும் அந்த மனுஷன் அப்படிப் பேசினான்.

இரண்டு பேரும் சுசீந்திரம் பக்கம். திருவனந்தபுரத்துக்கு வந்து பதினாறு வருஷம். விஜயம் மாமி வீட்டின் பின்கட்டில் குடித்தனம். ஒரு அறை, ஒரு அடுக்களை, மாடிப்படிக்கு அடியில் கஞ்சி காய்ச்ச ஒரு விறகடுப்பு. அந்தத் தெருவிலும் அடுத்த இரண்டு தெருவிலும் கோயிலுக்குப் போகிறவர்களின் வேட்டிக்கும், ஆபீசுக்குப் போகிற பெண்களின் சேலைக்கும் கஞ்சி முக்கித் தேய்த்துக் கொடுப்பது பொன்னம்மைதான். அவள் தேய்த்த வேட்டியைக் கீழே நிறுத்தினால் அது தன்னால் நிற்கும் என்று சொல்லிச் சிரிப்பார்கள். அந்தப் பேரைச் சம்பாதிக்க அவளுக்குப் பத்து வருஷம் ஆயிற்று.

தாணுமாலையனுக்கு வேறு வேலை. கம்பியில்லாமல் காற்று வழியாக இன்டர்நெட் கொடுக்கிற ஒரு சின்னக் கம்பெனியில் டெக்னீஷியன். மாடி மாடியாக ஏறி இரும்புக் கம்பம் நட்டு, அதில் ரேடியோப் பெட்டியும் ஆண்டனாவும் மாட்டி, கெட்டுப்போனால் போய்ச் சரிசெய்வான். போன தை மாசம் விஜயம் மாமி வீட்டு மாடியிலும் ஒரு கம்பம் நட்டான். இடம் கொடுத்ததற்கு மாமிக்கு நெட் இலவசம். சாயங்காலம் ஆறு மணிக்கு மாமி லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு வெளிநாட்டுக் குழந்தைகளுக்கு சுலோகம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். கம்பம் நின்றதால் பொன்னம்மைக்கும் ஒரு லாபம். கொடியின் ஒரு முனையை அதில் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொடுத்ததே தாணுமாலையன்தான்.

வைகாசி நடுவில் இடவப்பாதி மழை தொடங்கியதும் ஆரம்பித்தது வினை. மழை பெய்தால் சிக்னல் படுத்துவிடும். மறுநாள் நல்ல வெயில் அடித்தால் தானாக எழுந்து உட்காரும். தாணுமாலையன் முதலில் அடாப்டரை மாற்றினான். பிறகு கீழிருந்து மேலே போகும் கேபிளை மாற்றினான். பிறகு ரேடியோப் பெட்டியையே மாற்றினான். அடுத்த மழைக்கு மறுபடியும் போயிற்று. ஒரு சனிக்கிழமை கம்பெனி எஞ்சினியர் வினீத்தே நேரில் வந்தான். நெய்யாற்றின்கரைக்காரன், முப்பது வயசுக்குள் இருக்கும். பாதி தமிழும் பாதி மலையாளமுமாகப் பேசுவான்.

"அண்ணா, இது ஈ மாசத்துல நாலாமத்தெ தடவையாணு. எல்லாம் மாத்தியாச்சு. பின்னே என்னா? அந்த ஆண்டனா ஜாயிண்ட் ஒண்ணு திறந்து பாத்தாலோ?"

பெட்டியிலிருந்து ஒரு குட்டைக் கேபிள் மேலே போய் ஆண்டனாவின் அடியில் மாட்டியிருக்கும். அந்த இடத்தில் தண்ணீர் இறங்காமலிருக்க ரப்பர் டேப் சுற்றியிருக்கும். வினீத் அதைத்தான் சொன்னான்.

"என் ஜாயிண்ட்டா? வினீதே, நான் சுத்தின ஜாயிண்ட்ல ஒரு சொட்டு எறங்காது. ஆறு வருஷமாட்டு சுத்துகேன்."

"எங்கில் பெட்டி திறக்கு."

பெட்டியைத் திறந்தான். உள்ளேயிருந்து கறுத்த சிற்றெறும்பு பத்திருபது சிதறி ஓடியது. மழைக்காலத்தில் எறும்பு சூடான இடம் தேடி எங்கே வேண்டுமானாலும் போகும், மாமியின் மிக்ஸிக்குள்ளும் போகும். ஆனால் அந்த நேரத்தில் அந்த எறும்பு தாணுமாலையனுக்குத் தெய்வம் அனுப்பியது போல வந்தது. மாடிப்படியின் மேல்படியில் விஜயம் மாமி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"பன்னெண்டு குழந்தேளாக்கும் எனக்கு. நேத்திக்கு மொத வரி சொன்னேன், அதோட போச்சு. அதுகள் மாமிக்கு என்னமோ ஆயிடுத்துன்னு பயந்து போயிடுத்தாம். என்னதான்டா ரோகம் இதுக்கு?"

"கஞ்சித் தண்ணியாக்கும் மாமி," என்றான் தாணுமாலையன். வாயில் வந்துவிட்டது. வந்ததைப் பிடித்துக்கொண்டான். "இவ கஞ்சி போட்ட துணிய இந்தக் கம்பத்துல கெட்டின கொடியிலதானே காயப்போடுகா. கஞ்சி சொட்டும், எறும்பு ஏறும். எறும்பு உள்ள போனா போர்டு கெட்டுரும். நான் சொல்லிச் சொல்லிப் பாத்தாச்சு, கேக்கணும்லா."

ஒரு தடவைகூட அவன் அப்படிச் சொன்னதில்லை. கொடிக்குப் பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த பொன்னம்மை நிமிர்ந்தாள்.

"மழ பெய்யும்போதானே நெட்டு போகுது? மழையில எந் துணி எங்க கெடக்கு?"

நல்ல கேள்வி. மாடியில் நின்ற மற்ற மூன்று பேருக்கும் அது நல்ல கேள்வி என்று தெரிந்தது. வினீத் போனைப் பார்த்தான். மாமி எறும்பைப் பார்த்தாள்.

"நீ சும்மா கெட. ஒனக்கு இதப் பத்தி என்ன தெரியும்?" என்றான் தாணுமாலையன்.

வினீத் போனிலேயே ரிப்போர்ட் எழுதினான். பழுதுக்குக் காரணம் என்ற இடத்தில் ‘வீட்டாரின் உபயோகம்’ என்று போட்டு, மாடியில் ஆள் நடமாட்டம் கூடாது என்று ஒரு வரியும் சேர்த்தான். அன்றைக்குச் சாயங்காலம் மாமி மாடிக் கதவைப் பூட்டி, சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"என்மேலே கோச்சுக்காதேடி பொன்னம்மே. ஒன் ஆத்துக்காரனே சொல்றான், நான் என்ன பண்ணட்டும்?"

பொன்னம்மை சரி என்று தலையாட்டினாள். அவளுக்கு மாமி மேல் கோபமே வரவில்லை. மூன்றாவது ஆள் முன்னால், அதுவும் நேற்றைக்கு வந்த ஒரு பையன் முன்னால், கட்டினவன் தன்னை எறும்புக்குக் காரணமாக்கினான் என்பதை நினைக்கிறபோதெல்லாம் முகம் சுட்டது.

அதற்கப்புறம் இருபது நாள் அவள் துணியைப் பின்கட்டு நடையில் காயப்போட்டாள். அங்கே வெயில் எட்டிப் பார்க்காது. ஃபேனைப் போட்டாள், கரண்ட் போயிற்று. பாதி காய்ந்த துணியை இஸ்திரிப்பெட்டியால் தேய்த்து உலர்த்தினாள். கஞ்சி மஞ்சளாகப் பிடித்தது. அடுத்த தெரு ஸ்ரீலக்ஷ்மி டீச்சர் நாலு சேலையைத் திரும்பக் கொண்டுவந்தாள்.

"தப்பா நினைச்சுக்காதே பொன்னம்மே. மக்கின வாடை அடிக்கறது. ஸ்கூல்ல பக்கத்துல உக்காந்தவா கேட்டுட்டா."

பொன்னம்மை அந்தச் சேலைகளை மறுபடியும் அலசினாள். இன்னும் இரண்டு வீட்டில் வேட்டி கொடுப்பதை நிறுத்திக்கொண்டார்கள். காரணம் கேட்டதற்கு, மழை முடியட்டுமே என்றார்கள். மழை முடிந்தாலும் போன வீடு திரும்பாது என்பது அவளுக்குத் தெரியும். வீட்டில் புருஷனிடம் தேவைக்கு மட்டும் பேசினாள். சோறு வைக்கட்டா, குடை எடுங்க, அவ்வளவுதான்.

அதுவரை மூட்டமும் தூறலுமாக இருந்ததே தவிர, நெட்டைப் படுக்கவைக்கிற மழை இல்லை. இருபத்தோராம் நாள் சாயங்காலம் கனத்த மழை. ஆறரை மணிக்கு மாமியின் குரல் பின்கட்டு வரை கேட்டது.

"பூட்டி சாவியை இடுப்புல வெச்சிண்டிருக்கேனே. இப்போ எந்தக் கஞ்சிடா சொட்டித்து? தாணு!"

தாணுமாலையன் அப்போதுதான் வேலைவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தான். அடுக்களையில் பொன்னம்மை தேங்காய் துருவும் சத்தம் நின்று, பிறகு தொடர்ந்தது. அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பான்.

மறுநாள் ஞாயிறு. பத்து மணிக்கு நல்ல வெயில். மத்தியானத்துக்குள் சிக்னல் எழுந்துவிட்டது. தாணுமாலையன் மாமியிடம் சாவி கேட்டான்.

"ஒத்தைக்கு ஏறாதே, வழுக்கி வெக்கும். அவளையும் கூட்டிண்டு போ," என்றாள் மாமி.

இருபத்திரண்டு நாள் கழித்துப் பொன்னம்மை அந்த மாடியில் கால் வைத்தாள். தரையெல்லாம் பாசி படர்ந்திருந்தது. கொடி வெறுமனே தொங்கியது. தாணுமாலையன் ஒரு பக்கெட் தண்ணீரும் சொம்பும் கொண்டுவந்திருந்தான். போனை அவள் கையில் கொடுத்தான்.

"இதுல ஒரு நம்பரு தெரியும். நான் ஒவ்வொரு எடத்துல தண்ணி ஊத்துவேன். நம்பரு கூடுகான்னு பாத்துச் சொல்லணும். கூடினா சிக்னல் மோசம்னு அர்த்தம்."

"இப்ப அம்பத்தெட்டு."

பெட்டியின் மேல் ஒரு சொம்பு ஊற்றினான். ஐந்து நிமிஷம் காத்திருந்தார்கள்.

"அம்பத்தெட்டு."

கீழ்க் கேபிளில் ஊற்றினான்.

"அம்பத்தெட்டுதான்."

இனி ஊற்றுவதற்கு ஒரே இடம்தான் பாக்கி. ஏணியில் இரண்டு படி ஏறி, ஆண்டனாவின் அடியில், தான் சுற்றிய ஜாயிண்டின் மேல், மெதுவாக ஊற்றினான். ஒரு சொம்பு, இரண்டு சொம்பு. எங்கோ ஆட்டோ ஹார்ன் அடித்தது. பொன்னம்மை போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள்.

"அறுவத்தி மூணு. அறுவத்தி ஒம்பது. இஞ்ச பாருங்க, எழுவத்தாறு."

தாணுமாலையன் கத்தியால் டேப்பைக் கீறினான். உள்ளேயிருந்து தண்ணீர் அவன் மணிக்கட்டு வழியாக முழங்கைக்கு ஓடியது. இன்றைக்கு ஊற்றிய தண்ணீர் மட்டுமில்லை. பழுப்பாக, பழைய தண்ணீரும் இருந்தது. கழற்றிப் பார்த்தால் செம்பு முனை முழுக்கப் பச்சைக் களிம்பு, புளி போட்டுத் தேய்க்காத பாத்திரம் மாதிரி.

பொன்னம்மை கீழே விழுந்த டேப்புக் கூட்டை எடுத்தாள். குழாய் மாதிரி முழுசாகக் கழன்று வந்திருந்தது. விரலால் தடவிப் பார்த்தாள். துணியின் மடிப்பைத் தடவிப் பார்க்கிற அதே விரல்.

"இது எந்தப் பக்கம் மேல?"

"இந்தா, இது."

"அப்ப நீங்க மேல இருந்து கீழ சுத்தியிருக்கிய. ஒவ்வொரு சுத்தும் வாயத் தொறந்து வானத்தப் பாத்துட்டு இருக்கு. ஓடு போடுகவன் கீழ இருந்தாக்கும் அடுக்குவான். அப்பந்தானே மேல ஓடு கீழ ஓட்டுக்கு மேல ஏறி நிக்கும், தண்ணி வழிஞ்சு போவும்? இது எல்லாத் தண்ணியையும் உள்ள வான்னு கூப்பிடுகு."

அவள் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. கண்ணில் பட்டதைச் சொன்னாள். அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. டேப் வருகிற அட்டைப் பெட்டியிலேயே படம் போட்டிருக்கிறது, கீழிருந்து மேலே சுற்று என்று. ஆறு வருஷமாக அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான். ஒரு கையால் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சுற்றும்போது மேலிருந்து கீழே வருவது சுலபம். கை வழக்கம் அப்படியே நின்றுவிட்டது.

புதுக் கேபிள் மாட்டினான். இந்தத் தடவை கீழிருந்து மேலே, ஒவ்வொரு சுற்றையும் இழுத்து இழுத்துச் சுற்றினான். தண்ணீர் ஊற்றினான். அம்பத்தாறு. மறுபடியும் ஊற்றினான். அம்பத்தாறு.

"என்னடா கண்டுபிடிச்சே?" கீழே முற்றத்திலிருந்து மாமி கேட்டாள்.

"டேப்பு பழசாயிட்டு மாமி. வெயிலுக்கு இத்துப் போயிரும். மாத்தியாச்சு."

அந்த டேப் சுற்றி ஆறு மாசம்கூட ஆகவில்லை. பொன்னம்மை அவனை ஒரு தடவை பார்த்தாள். சொம்பைப் பக்கெட்டுக்குள் போட்டுத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனாள்.

மத்தியானம் உள்ளித்தீயலும் பயறுத் துவரனும் வைத்திருந்தாள். அவனுக்குப் பிடித்த சாப்பாடு. பரிமாறிவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"எனக்கு ஒண்ணும் வேண்டாம்," என்றாள். "எங்கிட்ட நீங்க ஒண்ணும் சொல்லாண்டாம். அண்ணைக்கு யாரு முன்னால வச்சு சொன்னியளோ அவ்வொ முன்னால சொல்லணும். மாமி, அந்தப் பையன், நான். நாலு பேரும் நிக்கணும்."

"சொன்னா என் வேலைக்குக் கேடு பொன்னம்மே. இன்ஸ்டலேஷன் குத்தம்னு எழுதினா..."

"என் வேலைக்கு வந்த கேடு கேடு இல்லியா?"

உருட்டிய சோறு கையிலேயே இருந்தது. "நாணக்கேடாட்டு இருக்கு," என்றான் கடைசியில்.

"இருக்கட்டும். நான் இருவத்திரெண்டு நாளு வச்சிட்டுத்தானே இருந்தேன். கொஞ்சம் நீங்க வச்சுக்கிடுங்க."

திங்கட்கிழமை சாயங்காலம் வினீத் வந்தான். முந்தின ராத்திரி பெய்த மழையில் சிக்னல் அசையவே இல்லை. சந்தோஷமாக இருந்தான். மாமி முன்கூடத்தில் லேப்டாப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பொன்னம்மை நடையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, ரிப்போர்ட் க்ளோஸ் செய்யாம். காரணம் என்னா போடணும்? டேப் பழசு, அல்லே?"

தாணுமாலையன் நடைப் பக்கம் திரும்பினான். நடையில் இஸ்திரிப்பெட்டியின் சத்தம் நின்றது.

"இல்ல. என் கைக்குத்தம்னு போடு. மேல இருந்து கீழ சுத்திட்டேன். அண்ணைக்கு நீ ஜாயிண்ட்டத் தொறன்னு சொன்னே, நான் கேக்கல. மாமி, எறும்பும் இல்ல, கஞ்சியும் இல்ல. இவ மேல நான் பொய்யாட்டாக்கும் சொன்னேன். ஒரு நாளும் நான் இவள்ட்ட கொடியப் பத்திச் சொன்னதில்ல. அதக் கெட்டிக் குடுத்ததே நான்தான்."

வினீத்துக்குக் கூச்சமாகிவிட்டது. குரலைத் தாழ்த்தினான். "அண்ணா, அது எழுதணோ? டேப் பழசுன்னு போட்டா காரியம் தீர்ந்நு. இது எழுதியால் அண்ணன் போட்ட சைட் எல்லாம் அண்ணனே திறந்து பாக்கணும். முப்பத்தெட்டு சைட் உண்டு. கல்லாறு தொடங்கி விழிஞ்ஞம் வரெ."

"எழுது."

மாமி எழுந்தாள். இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு நடைக்கே போனாள்.

"இந்தாடி. அன்னிக்கு நீ கேட்டது சரியான கேள்வின்னு எனக்கு அப்பவே தெரியும். எறும்பைப் பாத்துண்டு நின்னேன். எனக்கும் வெக்கமாத்தான் இருக்கு. ஸ்ரீலக்ஷ்மிகிட்டே நானே போய்ச் சொல்றேன்."

பொன்னம்மை சாவியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. மாமியும் பார்த்தாள், வினீத்தும் பார்த்தான். அவள் கண்ணைத் துடைக்கவில்லை.

வினீத் போனபிறகு, சூடு ஆறின இஸ்திரிப்பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டே கேட்டாள்.

"அந்த முப்பத்தெட்டுல வேற யாரு மேலயாம் இப்பிடிச் சொல்லியிருக்கியளா?"

"கல்லாறுல ஒரு சாயாக்கடையில கொரங்குன்னு சொன்னேன்."

"கொரங்குக்கு ஒண்ணும் இல்ல. ஆளு?"

அவன் மடித்த வேட்டி அடுக்கை நேராக்கி வைத்தான்.

"விழிஞ்ஞத்துல ஒருத்தி. எலிசாள்னு பேரு. ரெண்டு வருஷம் ஆச்சு."

"அவ என்ன காயப்போட்டா?"

"கருவாடு."

பொன்னம்மை இஸ்திரிப்பெட்டியைக் கீழே வைத்தாள். "மொதல்ல அங்க போங்க," என்றாள். "போயி மொதல்ல அவள்ட்ட சொல்லுங்க. டேப்ப பெறவு சுத்தலாம்."

மறுநாள் மத்தியானம் அவன் விழிஞ்ஞத்தில் இறங்கினான். துறைமுகத்து ராட்சதக் கிரேன்கள் தெரிகிற மேட்டில் அந்த வீடு. எலிசாள், எல்லைக்கு அப்பால் இனையம் என்கிற கடற்கரை ஊரிலிருந்து கல்யாணமாகி வந்தவள். கதவைத் திறந்ததும் முகம் மாறினாள்.

"சாரே, பின்னயும் கெட்டுப்போச்சா? நான் அதுக்குப் பெறவு ஒரு நெத்திலி கூட மேல போடேல, கேட்டியளா. மாதாவாணே போடேல. காத்துல உப்பு இருக்கில்லா, அதாயிருக்கும்."

"பாக்குகேன்," என்றான் தாணுமாலையன். பொன்னம்மை சொன்னபடி முதலில் சொல்லத்தான் நினைத்தான். படியேறிப் போய்விட்டான்.

மாடி பெருக்கித் துடைத்து வெறிச்சென்று கிடந்தது. ஊர் முழுக்க நெட் கொடுக்கிற கம்பத்தைச் சுற்றி ஒரு முழம் தள்ளி செங்கல் வரிசை வைத்திருந்தாள், பிள்ளைகள் கிட்டே போகாமலிருக்க. ஜாயிண்டைக் கீறினான். இங்கேயும் தண்ணீர், இங்கேயும் களிம்பு. கீழிருந்து மேலே சுற்றி முடிக்கும்போது எலிசாள் பால் விடாத கட்டஞ்சாயா கொண்டுவந்தாள்.

"மீனு இப்ப எங்க காயப்போடுகிய?" என்று கேட்டான்.

"ரோட்டோரம் சாக்கு விரிச்சு. நாயி வரும், காக்கா வரும். நான் கம்பும் எடுத்திட்டு கூடவே இருக்கணும். என்ன செய்ய? ஊரு முழுக்க நெட்டு போறதுக்கு நாம காரணமாகாண்டாம்லா."

தாணுமாலையன் சாயாவைக் கீழே வைத்தான். தலையைக் குனிந்துகொண்டு, டேப்பிலிருந்து ஆரம்பித்து, எல்லாவற்றையும் சொன்னான். உப்பும் காரணமில்லை, மீனும் காரணமில்லை, தன் கைதான் காரணம் என்று சொன்னான். அன்றைக்கு அவள் மீது போட்டது பழி என்ற வார்த்தையையும் சொன்னான். சொல்லி முடித்ததும் பையைத் தோளில் மாட்டினான். கீழே இறங்கிப் போய்விட்டால் போதும் என்றிருந்தது.

எலிசாள் படியை மறித்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப எம் மீனுல ஒண்ணும் இல்ல?"

"இல்ல."

"ரெண்டு வருஷமாட்டு எம் மாப்பிள சண்ட வரும்போழுதெல்லாம் அதத்தான் சொல்லுவாரு. ஒன் நாத்தம் பிடிச்ச கருவாட்டால ஊருக்கே கேடுன்னு. பிள்ளைகளும் படிச்சுப் போச்சு, அதுகளும் சொல்லும்." அவள் குரல் உயரவில்லை. "அவரு கடல்ல இருந்து அஞ்சு மணிக்கு வருவாரு. பிள்ளைகளும் அப்ப வரும். சாரு இருந்து, எங்கிட்ட சொன்னத அப்பிடியே அவங்ககிட்டயும் சொல்லிட்டுத்தான் போகணும்."

மணி மூன்றுதான் ஆகியிருந்தது. தாணுமாலையன் பையை இறக்கி வைத்துவிட்டு, அந்தச் செங்கல் வரிசைக்குப் பக்கத்தில் வெறுந்தரையில் உட்கார்ந்தான்.